வளர மறுத்த ஆறு கன்றுகள்

அடுத்த வீட்டு முற்றத்தை எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் இடுப்பளவு கம்பிவலை வேலிதான் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் உடுப்புக் காயப்போட வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகள் அவை. நான் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். கணவர் விடியவே ஓர் உணவகத்தின் சமையலறைக்குப் போய்விடுவார். காலை முழுவதும் எனக்குத் துணை, பெயின்ற் வாளிகளில் நான் வளர்த்த மிளகாயும் கத்தரியும்தான். அவை அதிகம் கதைக்காது என்பதால் நான் வேலியைப் பார்த்தேன்.

வேலிக்கு அங்கால் இருந்தவர் முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அறுபது வயதிருக்கும். பஸ்ஸின் கடைசி இருக்கைப் பிள்ளைக்கும் கேட்கும் குரல் ஓய்வு பெற்ற பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. நானும் கணவரும் வீட்டுக்குள் அவரை ‘பஸ் அன்ரி’ என்போம். அந்த வசந்தத்தில் அவருடைய தம்பி அவரோடு வந்து தங்கினார். உயரமான மனிதர். மே மாத வெயிலிலும் கம்பளித் தொப்பியும் போர்வையுமாக மேப்பிள் மரத்தின் கீழ் சாய்வு நாற்காலியில் கிடப்பார்.

“நுரையீரலில் கட்டி,” என்று பஸ் அன்ரி ஒருநாள் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். “மருந்து ஏற்றுகிறார்கள். சாப்பாடுதான் இறங்குதில்லை. இரண்டு வாய், பிறகு தட்டைத் தள்ளிவிடுவான். இன்னும் எடை குறைந்தால் மருந்தை நிறுத்த வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.”

ஒருவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களால் சும்மா இருக்க முடியாது. அடுத்த சனிக்கிழமை இடியப்பம் அவித்து, உறைப்பில்லாமல் சொதி வைத்து, மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வேலிக்கு மேலால் நீட்டினேன். சொதி என்றால் தேங்காய்ப்பாலும் மஞ்சளும், கடைசியில் பிழிந்த தேசிக்காய்ப் புளியும். நோயாளிக்கும் ஒத்துக்கொள்ளும். கிண்ணத்தை எப்போது திருப்பித் தரவேண்டும் என்று பஸ் அன்ரி கேட்டார். அவசரமில்லை, ஆனால் எங்கள் ஆட்கள் வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுப்பதில்லை என்று பகிடிக்குச் சொன்னேன். அவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். இரண்டு நாளில் கிண்ணம் பளபளவென்று கழுவி, உள்ளே ஓட்ஸ் பிஸ்கட்டோடு வந்தது.

“சாப்பிட்டாரா?”

“மிகவும் விரும்பிச் சாப்பிட்டான்,” என்றார், என் தோளுக்கு மேலால் எங்கள் கூரையைப் பார்த்தபடி.

அடுத்தநாள் உடுப்புக் காயப்போடும்போது அவர்களுடைய உரக்குவியலின் மேல், முட்டைக்கோதுகளுக்கு நடுவில், என் இடியப்பத்தைக் கண்டேன். ஒரு சிக்கலும் அவிழாமல் அப்படியே கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. அரிசி மாவை வறுத்து, இடியப்ப உரலைப் பிழிந்து, கை நோக நோக அவித்தது இதற்கா என்று நினைத்தேன். பிறகு அந்த மனிதரை நினைத்தபோது கோபம் இறங்கிவிட்டது. அடுத்த சனியும் அவித்தேன். அதற்கடுத்த சனியும். கிண்ணம் ஒவ்வொரு தடவையும் பிஸ்கட்டோடு வந்தது. கிண்ணம் பொய் சொன்னது, உரக்குவியல் உண்மையைச் சொன்னது.

இந்தப் போக்கில்தான் அந்தத் தொட்டிகளைக் கவனித்தேன். பின்படிக்கட்டின் பக்கத்தில் ஆறு பெரிய கறுப்புத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் விரலளவு கன்று. ஜூன் பாதி போய்விட்டது. அதே காலத்தில் நான் போட்ட மிளகாய் சாண் உயரம் தாண்டிப் பூ வைக்கப் பார்த்தது. இவை மட்டும் முளைத்த இரண்டு இலையும், மேலே மஞ்சள் பூத்த இன்னொரு சின்னச் சோடியுமாக நின்றன. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. என்ன கன்று, ஏன் இப்படி நிற்கிறது என்ற இரண்டு கேள்வியும் எனக்குள் புகுந்துவிட்டன. தொழிற்சாலையில் மூடி எண்ணும்போதும் அதுதான் யோசனை.

“மருந்துச் செடி. தம்பிக்குப் பசி வருவதற்கு,” என்றார் பஸ் அன்ரி. “விதை தந்தவர் இது களைபோல வளரும் என்றார். உன் மிளகாயைப் பார்க்கிறேன், என் கன்றுகளைப் பார்க்கிறேன். நான் என்ன பிழை விட்டேன்?”

என்னிடம் கேட்டதே போதும். சுற்றிப்போய் அவர் வீட்டுப் பக்கக் கதவால் நுழைந்தேன். இலை பார்வைக்குத் துளசிக் கன்றுபோல இருந்தது. ஆனால் கசக்கினால் துளசி மணம் வரவில்லை. தவிர, இதன் விளிம்பில் அரம் அரமாகப் பல்லிருந்தது. அப்படியானால் என்ன என்று தெரியவில்லை. தொட்டிக்குள் விரலை விட்டேன். மேலே செங்கல்போல இறுகிய களிமண். அதன் கீழே சேறு. வாய்க்கால் நாற்றம் அடித்தது. பூப்பாத்தி மண்ணை அப்படியே வெட்டிப் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, போதாததற்கு நீல உரக்கட்டியையும் கரைத்துக் கரைத்து விட்டிருந்தார். மே மாதக் குளிர் இரவுகளில் அந்தச் சேற்றுக்குள் வேர் எங்கே போகும்?

“தண்ணீரை நிறுத்துங்கள். உரத்தையும்,” என்றேன்.

“ஒன்றும் கொடுக்காமல் எப்படி?” என்றார். அவர் முகத்தைப் பார்க்க, நான் கன்றைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைவூட்ட வேண்டும்போல இருந்தது.

இவ்வளவு சரியாகச் சொன்ன நான் அதோடு நின்றிருக்கலாம். அவருடைய முகம் வாடியதைப் பொறுக்க முடியாமல், வேண்டுமானால் இதைக் கொஞ்சம் விடுங்கள் என்று மீன் கழுவின தண்ணீரைப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீடுகளில் மீன் கழுவின தண்ணீரைச் சிங்கில் ஊற்றுகிறவரை ஒரு மாதிரித்தான் பார்ப்போம். அது செடிக்கு உரியது. என் வாளிகளின் மேல் பழைய அவண் அடுப்பின் கம்பித்தட்டுகளைக் கல் வைத்து மூடியிருந்தேன் என்பதையும், ஏன் மூடியிருந்தேன் என்பதையும் சொல்ல மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை அந்த முற்றம் போர் நடந்த இடம்போலக் கிடந்தது. குப்பை கிளறித் தின்னும் ரக்கூன் பிராணிகள் வந்து தொட்டிகளைக் கவிழ்த்து, மீன் எங்கே என்று மண்ணைக் கிளறித் தேடியிருந்தன. மூன்று கன்றுகள் வேரோடு போயிருந்தன. பஸ் அன்ரி வாயில் கை வைத்தபடி நின்றார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்றிருந்தது. அப்போது தம்பிக்காரர் போர்வையை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, சிதறிய மண்ணை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார்.

“இந்த வீட்டில் ரக்கூனுக்காவது பசிக்கிறதே,” என்றார்.

அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

மிஞ்சிய மூன்றையாவது காப்பாற்றாவிட்டால் அந்த வேலியில் முகம் காட்ட முடியாது. பொரி மாதிரி வெள்ளை மணி கலந்த இலகுவான மண் மூடை ஒன்று வாங்கினேன். என் கணவர் உணவகத்தில் இருந்து கொண்டுவரும் ஊறுகாய் வாளிகளின் அடியில் சூடாக்கிய கம்பியால் ஓட்டை போட்டேன். வாளிகளைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்களுடைய படிக்கட்டில் குந்தி, முதல் கன்றைக் கரண்டியால் பெயர்க்கும்போது கணவர் அன்றைக்கென்று நேரத்தோடு வந்து சேர்ந்தார். வேலியருகே நின்று பார்த்தார். முகம் மாறியது. வீட்டுக்குள் வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

“இஞ்சாரும், உது என்ன கண்டெண்டு தெரியுமே உமக்கு?”

“மருந்துக் கண்டாம். அந்த மனிசனுக்குப் பசி வாறதுக்கு.”

“மருந்துதான். பொலிசிட்டைக் கேட்டா வேற பேர் சொல்லுவான். உது கஞ்சா. எங்கட கிச்சனில நிக்கிற ஒரு பெடியன் உதை முளைக்கேக்கயிருந்து படம் எடுத்துக் காட்டினவன். இலை எனக்குத் தெரியும்.”

கஞ்சா என்ற சொல் எனக்குத் தெரியும். இலேகியத்தில் சேர்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஆனால் செடியை ஒருநாளும் கண்டதில்லை. சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு முதலில் வந்தது பயமில்லை. ஓ, இதுதானா அது என்ற ஆச்சரியம்தான் வந்தது.

“சிற்றிசன் சோதினை வருகுது,” என்றார் அவர். “இத்தினை வருசம் காத்துக் கிடந்தது உதுக்கே? பிடிச்சானெண்டால் அவையளை மட்டுமே பிடிப்பான்?”

“அந்த மனிசன் சாப்பிடாட்டி மருந்தை நிப்பாட்டிப் போடுவாங்களாமப்பா.”

அவர் சமையலறைக்குள் இரண்டு தரம் நடந்தார். தண்ணீர் குடித்தார்.

“வேலிக்கு அங்கால கால் வைக்கப்படாது. கை வைக்கப்படாது.”

“வாய்?”

“உம்மட வாயை ஆர் கட்டுறது,” என்றுவிட்டுக் குளிக்கப் போனார்.

அடுத்தநாள் பஸ் அன்ரியிடம் நேராகக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. சொன்னால் நீ வேலிப் பக்கமே வரமாட்டாய் என்று பயந்தேன் என்றார். இனிமேல் நான் வேலிக்கு இந்தப் பக்கம்தான் என்றேன். அவருக்கு முழங்கால் மடங்காது. குனிந்து மண் மாற்ற வேறு யார்? தம்பிக்காரர் நாற்காலியில் இருந்து எழுந்தார்.

அப்படித்தான் அந்தக் கோடை போனது. நான் வேலியில் ஊன்றியபடி சொல்லுவேன், அவர் படியில் இருந்து செய்வார். வேரைப் பிடிக்காதீர்கள், இலையைப் பிடியுங்கள். முளையிலை மட்டம்வரை தண்டைப் புதையுங்கள், பக்கத்தால் புது வேர் விடும். மண்ணை அழுத்தாதீர்கள், அதென்ன ரோட்டா போடுகிறீர்கள்? எனக்குப் பொறுமை குறைவு. ஆங்கிலத்தில் மரியாதை எந்த இடத்தில் சேர்ப்பது என்றும் சரியாகத் தெரியாது. அவர் என்னை ‘சூப்பர்வைசர்’ என்று கூப்பிடத் தொடங்கினார். தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று கேட்டபோது, வாளியைத் தூக்கிப் பாருங்கள், பாரமாக இருந்தால் ஊற்ற வேண்டாம், இலேசாக இருந்தால் ஊற்றுங்கள் என்றேன். அதற்காகவே அவர் தினமும் எழுந்துவந்து மூன்று வாளியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். காற்றுக்கு மறைவாகப் பழைய குளியலறைத் திரையைக் கட்டினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நான் தேத்தண்ணீர் வைக்குமுன் வேலிக்கு ஓடுவேன். அதே மஞ்சள் சோடி. பிறகு ஒரு காலை நடுவில் அரிசி மணியளவு பச்சை தெரிந்தது. அது விரிந்தபோது மூன்று விரல். அடுத்த சோடியில் ஐந்து. அதற்கடுத்ததில் ஏழு. ஒரு செடி தன் இலைக்கு விரல் கூட்டிக்கொண்டே போவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. மிளகாய்க்கு இப்படியான கெட்டித்தனம் கிடையாது. ஜூலை முடியுமுன் ஒன்று என் இடுப்புக்கு வந்தது. இரண்டாவது அதற்கு ஒரு சாண் குறைவு. மூன்றாவது மட்டும் குட்டை. ஒரு பக்கம் சரிந்து, இலை சுருண்டு, முழங்காலுக்கும் வராமல் நின்றது.

“அதை எறிந்துவிடுங்கள்,” என்றேன். “மண்ணுக்குக் கேடு.”

“அது யாருக்கு இடைஞ்சல்?” என்றார். வாளியைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார்.

சனிக்கிழமைக் கிண்ணம் நிற்கவில்லை. ஒருநாள் அவரே வேலிக்கு வந்து, அந்த வெள்ளை நூல்களை முள்ளுக்கரண்டியால் சுருட்ட முடியவில்லை என்றார். முள்ளுக்கரண்டியா, கையால் சொதியோடு பிசைந்து சாப்பிட வேண்டும் என்று வெறும் கையால் காற்றில் பிசைந்து காட்டினேன். சிரித்தார். அன்று மூன்று வாய் சாப்பிட்டதாக பஸ் அன்ரி சொன்னார், இந்தமுறை கூரையைப் பார்க்காமல். மிச்சம் உரக்குவியலில் இருந்தது.

ஓகஸ்டில் பெரிய செடியின் கணுக்களில் குட்டிக் குட்டி மொட்டுகள் கொத்தாகத் தொங்கின. நான் அவசரமாகக் கூப்பிட்டேன். பூத்துவிட்டது, வந்து பாருங்கள் என்றேன். அவர் வந்து, கண்ணாடியைப் போட்டு, வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டாவதையும் பார்த்தார். படியில் அப்படியே இருந்துவிட்டார்.

“ஆண்,” என்றார். “இரண்டும்.”

எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆண் பப்பாசியை அறியாத யாழ்ப்பாணத்தார் உண்டா? மற்ற மரங்களைவிடச் செழிப்பாக வளரும், நாமும் ஆசையாகத் தண்ணீர் ஊற்றுவோம், பூத்த பிறகு கத்தியை எடுப்போம். ஆனால் பப்பாசியை வெட்டும்போது யாருடைய உயிரும் அதில் தொங்கவில்லை. மருந்து பெண் பூவில்தான் இருக்கிறது, இவற்றை விட்டுவைத்தால் மிஞ்சியதும் விதைபிடித்துப் பயனில்லாமல் போகும் என்று அவர் சொன்னார். அவரே இரண்டையும் பிடுங்கினார். இலகுவான மண் என்பதால் சுலபமாக வந்தன. வேர் அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு நிறைவாக இருந்தது. நான் உள்ளே போய்ச் சிங்கைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தக் கிழமை அவருடைய எடை பார்த்து, அடுத்த மருந்தை ஒரு சுற்றுத் தள்ளிப்போட்டிருந்தார்கள்.

மறுநாள் நான் வேலிக்குப் போகத் தயங்கி நின்றேன். அவரே கூப்பிட்டார்.

“சூப்பர்வைசர், எறியச் சொன்னது எதை?”

குட்டைச் செடியின் கணுவில் மொட்டுத் தொங்கவில்லை. அங்கே மெல்லிய இரண்டு வெள்ளை மயிர் எட்டிப் பார்த்தது. பெண்.

அதன் பிறகு அந்த ஒற்றைச் செடிக்கு வீட்டுப் பிள்ளைக்குரிய மரியாதை நடந்தது. வெயில் நகர நகர அவர் வாளியை நகர்த்தினார். வாளியில் வளர்ப்பதில் அந்தச் சுகம் உண்டு. செப்ரெம்பரில் பக்கக்கிளைகள் எழும்பி, நுனிகள் தடித்து, விரலில் பிசின் ஒட்டும் அளவுக்கு வந்தன என்று அவர் சொன்னார். நான் தொடவில்லை. மணம் மட்டும் வேலிக்கு அடங்கவில்லை. என் கணவர் யன்னல்களை அடித்துச் சாத்தினார். எலுமிச்சம் இலையையும் நரியையும் சேர்த்து அவித்ததுபோல மணக்கிறது என்றார். நரியை எங்கே அவித்தீர்கள் என்று கேட்டேன்.

கணவர் குடியுரிமைச் சோதனையில் சித்தியடைந்தார், நானும்தான். சத்தியப்பிரமாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அதற்கென்று ஒரு கோட் வாங்கினார். பக்கத்து நகரான அஜக்ஸில் வீடு பார்க்கும் பேச்சும் எழுந்தது. அந்தக் கிழமையில் ஒருநாள் தம்பிக்காரருக்குக் காய்ச்சல் ஏறி, பஸ் அன்ரி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினார். எனக்கு அன்று விடுமுறை. பொழுது சாய்கிற நேரம். உறைபனி விழும் என்று ரேடியோ சொன்னது. வேலிக்கு அங்கால் வாளி வெளியே நின்றது.

நான் வேலியில் நின்றேன். உள்ளே வந்தேன். மறுபடி போய் நின்றேன். இன்னும் இரண்டு கிழமை கிடந்தால் முற்றிவிடும் என்று அவர் சொன்ன பூக்கள் அவை. என் கணவர் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன, நடக்கப் பழகுறீரே?”

“கண்டு வெளியில நிக்குது. ஃப்ரொஸ்ராம்.”

அவர் எழுந்து சப்பாத்தைப் போட்டார். பின்கதவால் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தன் வயதுக்குப் பொருந்தாத விதத்தில் வேலியைத் தாண்டினார். காற்சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்த சத்தம் எனக்குக் கேட்டது. வாளியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் அவர்களுடைய கராஜுக்குள் வைத்து, கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தார். சேர்ட்டெல்லாம் அந்த மணம்.

“ஒருத்தரிட்டையும் சொல்லாதையும்,” என்றார். பிறகு, “குட்டையெண்டு சொன்னீர், நல்ல பாரமாத்தான் கிடக்கு,” என்றார்.

இவ்வளவு காலமும் நான் சொல்லவில்லை.

காய்ச்சல் இறங்கி அவர் திரும்பி வந்தார். ஒக்டோபர் நடுவில் செடியை வெட்டி நிலக்கீழ் அறையில் தலைகீழாகக் கட்டிக் காயவிட்டார்கள். காய்ந்தபோது ஒரு ஜாம் போத்தல் அளவுதான் தேறியது என்று பஸ் அன்ரி சொன்னார். அதை என்ன செய்தார்கள், எப்படி எடுத்தார் என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் எங்கள் வீட்டில் பதில் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை வந்தது. வழக்கம்போல அவித்தேன், வழக்கம்போல வேலிக்கு மேலால் கொடுத்தேன். வழக்கமாகக் கிண்ணம் வர இரண்டு நாள் செல்லும். ஞாயிறு காலை கதவைத் திறந்தால் அது வேலித் தூணின் மேல் இருந்தது. மூடியைத் திறந்தேன். பிஸ்கட் இல்லை. கழுவியும் இல்லை. பழக்க தோஷத்தில் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வெறும் கிண்ணம், அதுவும் ஊத்தைக் கிண்ணம்.

பிறகுதான் உள்ளே பார்த்தேன். ஒரு நூல் இடியப்பம் இல்லை. கிண்ணத்தின் அடியில் இருந்து விளிம்புவரை, காய்ந்த மஞ்சள் சொதியில், நாலு விரல் வழித்த கோடு.

உரக்குவியலை எட்டிப் பார்த்தேன். மேப்பிள் இலைகள் மட்டும்தான் கிடந்தன. அவர் சாப்பிட்டது செடியின் வேலையா, மருந்து தள்ளிப்போனதால் உடம்பு தேறியதா என்று பிறகு எவ்வளவோ நாள் யோசித்திருக்கிறேன். அன்று காலை யோசிக்கவில்லை.

கிண்ணத்தோடு உள்ளே வந்தேன். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னப்பா, கழுவாமலே தந்திருக்கினம்?” என்றார்.

“ஓம்,” என்றேன். “கழுவாமத்தான்.”

அவர் கிண்ணத்தை வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கோடுகளில் தன் நாலு விரலையும் வைத்துப் பார்த்தார். பிறகு அதைச் சிங்கில் போடாமல் மேசையில் வைத்துவிட்டு, “இன்னும் இடியப்ப மா கிடக்கே?” என்று கேட்டார்.